மின்சார சைக்கிள்: வேகத்துக்கு முன்னால் பிரேக்!

பெங்களூரில் சைக்கிள் மிதிப்பவர்களைக் கேட்டால் ஒன்றைச் சொல்வார்கள். இந்த ஊரில் சமதரை என்பதே கிடையாது!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக அமைந்த நகரம் இது. பள்ளங்களில் ஒரு காலத்தில் ஏரிகள் இருந்தன. இன்று ஓயாமல் பஸ்கள் வந்து போகும் மெஜஸ்டிக் பஸ் நிலையமே தர்மாம்புதி ஏரி இருந்த இடம்தான். ஏரி இருந்த பக்கம் போகும்போது சைக்கிள் தானாக உருளும். திரும்பி வரும்போது மூச்சு வாங்கும்.

விடியற்காலையில் பத்திரிகை போடுகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர், பீன்யாவில் ஷிப்டுக்குப் போகிறவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்... இவர்களுக்கு மேடு என்பது வெறும் மேடு அல்ல. நாள் முழுவதற்கும் வேண்டிய தெம்பில் ஒரு பங்கை அது காலையிலேயே வாங்கிக்கொண்டு விடுகிறது.

அந்த மேட்டைச் சமதரை ஆக்கிக் காட்டும் வித்தைதான் மின்சார சைக்கிள். புதிதாகவே வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். கையில் இருக்கும் பழைய சைக்கிளிலேயே மோட்டாரைப் பூட்டிக்கொள்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு வகையினருக்கும் முதல் மாதம் ஒரே ஆனந்தம். இரண்டாவது மாதத்தில் ஓர் ஆசை தலை தூக்குகிறது: "இன்னும் கொஞ்சம் வேகம் போகாதா?"

பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, 48 வோல்ட் பேட்டரி போட்டுக் கொடுங்க. சும்மா பறக்கணும்!"

அனுபவம் உள்ள மேஸ்திரியாக இருந்தால் சிரித்துக்கொண்டே கேட்பார்: "பறக்கிறது சரி தம்பி. இறங்கறது எப்படி?"

வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் மின்சார சைக்கிளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

டைனமோவைத் திருப்பிப் போட்டால்...

அந்தக் காலத்துச் சைக்கிள்களில் டைனமோ விளக்கு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். டயரில் உரசியபடி சுழலும் சின்னஞ்சிறு டைனமோ, காலின் உழைப்பை மின்சாரமாக்கி விளக்கை எரியவிடும். விளக்கைப் போட்டதும் மிதி கனக்கும். இரவில் போலீஸ்காரரைக் கண்ட பிறகே டைனமோவைச் சாய்த்தவர்கள் உண்டு!

மின்சார சைக்கிளின் மோட்டார் அதே டைனமோவைத் திருப்பிப் போட்டது போலத்தான். டைனமோ காலிடமிருந்து வாங்கி விளக்குக்குக் கொடுத்தது. மோட்டார் பேட்டரியிடமிருந்து வாங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்த சைக்கிளுக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய பேட்டரி ஈயக் கனம். சைக்கிள் சுமந்ததெல்லாம் பேட்டரியைத்தான்! 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-ல் யமஹா நிறுவனம், மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை விற்கத் தொடங்கியது. அந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததன் பலன்தான் இன்று தெருவில் ஓடுகிறது.

சைக்கிளில் உள்ள உறுப்புகள் நான்கே. சக்கரத்தின் நடுவில் மோட்டார். பிரேமில் பேட்டரி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மின்சாரம் பாய வேண்டும் என்று அளந்துவிடும் கன்ட்ரோலர் பெட்டி. பெடல் சுற்றுவதைக் கண்டு கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்லும் சென்சார். சிலவற்றில் ஸ்கூட்டரைப் போல முறுக்கும் பிடியும் உண்டு.

சாதாரண மனிதர் களைக்காமல் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் சக்தி கொடுக்க முடியும். மோட்டாரின் அளவு 250 வாட். ஆகவே இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து மிதிப்பதற்குச் சமம். செலவோ மிகக் குறைவு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம் கூட ஆகாது. அதைக் கொண்டு, காலும் கொஞ்சம் உழைத்தால், 25 முதல் 35 கிலோமீட்டர் வரை போகலாம்.

"சரிவில் இறங்கும்போது பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகாதா?" என்று கேட்பவர்கள் அநேகம். உள்ளே பல்சக்கரங்கள் உள்ள சிறிய மோட்டார்களில் ஆகாது. பிரீவீல் போல அவை சும்மா சுழலும். பல்சக்கரம் இல்லாத பெரிய மோட்டார்களில், அதற்கேற்ற கன்ட்ரோலர் இருந்தால், ஆகும். ஆனாலும் திரும்பக் கிடைப்பது சொற்பமே. சரிவில் மிச்சம் பிடிக்க வேண்டியது பேட்டரியை அல்ல, பிரேக் கட்டையை!

வேகம் கூடினால் என்ன ஆகும்?

மணிக்கு 25 கிலோமீட்டர் போகிற சைக்கிளை 40 கிலோமீட்டர் போகும்படி செய்துவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் ஆகியிருக்கிறது. அவ்வளவுதானே என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

எதிர்க்காற்றைப் பிளந்துகொண்டு போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 25-ல் தேவைப்பட்டதைப் போல் 40-ல் சுமார் 4 மடங்கு வேண்டும். அதே பேட்டரியில் போகக்கூடிய தூரம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும்.

நிறுத்துவது அதைவிட முக்கியம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் தூரம், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 25-ல் 4 மீட்டரில் நிற்கும் சைக்கிள், 40-ல் நிற்க 10 மீட்டருக்கு மேல் ஆகும். அதுவும் பிரேக் பிடித்த பிறகு. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், கண் பார்த்து மனம் உணர்ந்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் 25 கிலோமீட்டர் வேகத்தில் 7 மீட்டரும், 40 கிலோமீட்டர் வேகத்தில் 11 மீட்டரும் சைக்கிள் போய்விடும்.

விழுந்தால்? 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கதவு நிலைக்குச் சற்று மேலிருந்து விழுவதற்குச் சமம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 6 மீட்டருக்கு மேலிருந்து, அதாவது மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்.

சைக்கிளின் போர்க்கு, ரிம், ஸ்போக்ஸ் கம்பி, பிரேக் ஆகிய எல்லாமே மனிதக் காலின் வேகத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. மோட்டாரை மாற்றலாம். இவற்றுக்கு அந்த விஷயத்தை யார் சொல்வது?

உறுப்புகளும் தாங்குவதில்லை. 36 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். 36 வோல்ட்டுக்கென்று செய்த கன்ட்ரோலர் சிலவற்றின் உள்ளே 50 வோல்ட் வரை தாங்கும் கப்பாசிட்டர்களே இருக்கின்றன. அதில் 48 வோல்ட் பேட்டரியை மாட்டினால் சில நாள் ஓடும். பிறகு ஒரு நாள் நடுரோட்டில் "டப்" என்ற சத்தத்தோடு நின்றுவிடும். சிறிய மோட்டார்களின் உள்ளே இருப்பவை நைலான் பல்சக்கரங்கள். தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சினால் அவற்றின் பற்கள் தேய்ந்து மழுங்கிப் போகும்.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

இங்கே இன்னொரு கோடும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை நிலையம் ஒன்று அதைச் சோதித்து ஒப்புக்கொண்டிருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மிதிக்கும்போது உதவும் சைக்கிளாக இருந்தால், வேகம் கூடக் கூட மோட்டாரின் உதவி குறைந்துகொண்டே வந்து 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளி பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும்.

இந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வரை லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். கோட்டைத் தாண்டினாலோ அது மோட்டார் வாகனம்! ஆர்.டி.ஓ. பதிவு, ஓட்டுநர் லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம் ஆகிவிடும். கடைத்தெருவில் பூட்டிய 1,000 வாட் மோட்டாருக்குப் பதிவும் கிடைக்காது, இன்சூரன்ஸும் கிடைக்காது. போலீஸ்காரர் போடும் அபராதம் இதில் சிறிய நஷ்டம்தான். ரோட்டைக் கடக்கும் பெரியவர் ஒருவர் மீது மோதிவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்ட ஈடு எல்லாமே ஓட்டியவரின் சொந்தப் பையிலிருந்துதான் போக வேண்டும். பால் பாக்கெட் போட்டுச் சேர்த்த பணம் அதற்குப் போதுமா?

வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு வேகம் போகும்?" என்பதை அல்ல. "பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்பதைத்தான்.

முதல் செலவு எதற்கு?

அப்படியானால் சைக்கிளை மேம்படுத்தவே கூடாதா? தாராளமாக மேம்படுத்தலாம். வரிசைதான் முக்கியம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அது போக வேண்டிய வழி இது.

முதலாவது, பிரேக். பழைய கம்பி பிரேக் சைக்கிளில், நிக்கல் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். ஜூன் மாத மழையில் சரிவு ரோட்டில் இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மோட்டார் பூட்ட நினைக்கிறவர் முதலில் அலுமினிய ரிம்முக்கும், கேபிளால் இழுக்கும் நல்ல பிரேக்குக்கும் மாறிவிட வேண்டும். டிஸ்க் பிரேக் போட வசதியுள்ள சைக்கிளாக இருந்தால் இன்னும் நல்லது. அதோடு, பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாரை நிறுத்திவிடும் சுவிட்ச் உள்ள பிரேக் பிடியும் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் மோட்டார் தள்ள, மறுபக்கம் பிரேக் இழுக்க நேர்ந்தால், நடுவில் மாட்டிக்கொள்கிறவர் ஓட்டுகிறவர்தான்.

இரண்டாவது, சக்கரத்தின் அச்சு. சாதாரணச் சக்கரத்தில் அச்சு சும்மா இருக்கும், சக்கரம் சுழலும். மோட்டார் சக்கரத்தில் அப்படி அல்ல. மோட்டார் சக்கரத்தை முன்பக்கம் தள்ளும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடித்திருப்பவை போர்க்கின் காடியும் நட்டும் மட்டுமே. நட்டு தளர்ந்தால், காடி அகன்றுவிட்டால், அச்சு சுழன்று உள்ளிருந்து வரும் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கரமாக இருந்தால் சக்கரமே கழன்று விழலாம்! இதைத் தடுக்க "டார்க் ஆர்ம்" என்ற இரும்புப் பட்டை இருக்கிறது. அச்சை ஒரு முனையில் கவ்வி, மறுமுனை பிரேமோடு அல்லது போர்க்கோடு இறுக்கப்படும். விலை அதிகம் இல்லை. ஆனால் மோட்டார் பூட்டிய எத்தனையோ சைக்கிள்களில் அது இருப்பதில்லை. அலுமினியப் போர்க்கு உள்ள சைக்கிளில் முன்சக்கர மோட்டார் வைக்காமல் இருப்பதே உத்தமம்.

மூன்றாவது, விளக்கும் மணியும். மின்சார சைக்கிள் சத்தம் போடாது. நடந்து போகிறவருக்கு அது பின்னால் வருவதே தெரியாது. லாரி ஓட்டுகிறவரோ, "சைக்கிள்தானே, மெதுவாக வரும்" என்று நினைத்துத் திருப்பிவிடுவார். ஆகவே பளிச்சென்ற முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, உரத்த மணி மூன்றும் வேண்டும்.

நான்காவது, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தகுந்த பியூஸ். ஐந்தாவது, அந்தப் பேட்டரிக்கென்றே செய்யப்பட்ட சார்ஜர். இத்தனையும் ஆன பிறகும் பணம் மிஞ்சினால், அதிகத் தூரம் போகும் பெரிய பேட்டரி வாங்கலாம். வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர்-மணி கூடலாம். வேகம் கூடாது, தூரம் கூடும். வேலைக்குப் போய் வருகிறவருக்கு வேண்டியது தூரம்தானே?

வேலூரில் நடந்தது

2022-ம் ஆண்டு மார்ச் மாதம். வேலூரில் ஒரு வீட்டில் இரவில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார்கள். நள்ளிரவில் அது தீப்பற்றியது. வீட்டுக்குள் புகை சூழ்ந்தது. தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்து போனார்கள்.

அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் மின்சார வண்டிகள் தீப்பிடித்தன. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டங்களில் அவை நடைமுறைக்கு வந்தன. ஆனால் எந்த விதியும், யாரோ ஒருவர் பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, செல்களை அடுக்கி, டேப் சுற்றிக் கொடுக்கும் பேட்டரியைப் போய்ப் பார்ப்பதில்லை.

லித்தியம் பேட்டரி என்பது ஒரே கட்டி அல்ல. 18 மில்லிமீட்டர் அகலமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சின்னச் சின்ன செல்கள் பல அதில் அடுக்கப்பட்டிருக்கும். 36 வோல்ட்டுக்கு 10 வரிசை. பழையதும் புதியதும் கலந்து அடுக்கினால் பலவீனமான செல் முதலில் காலியாகும். முதலில் நிரம்பியும் விடும். மற்ற செல்கள் நிரம்பும் வரை அதற்குள் மின்சாரம் மேலும் மேலும் திணிக்கப்படும். இதைக் கண்காணித்து நிறுத்துவதற்குத்தான் "பி.எம்.எஸ்." என்ற காவல் சர்க்யூட் இருக்கிறது. மலிவுப் பேட்டரியில் முதலில் காணாமல் போவது அந்தக் காவல்காரர்தான்!

ஒரு செல்லில் சூடு எல்லை மீறினால் பக்கத்துச் செல்லையும் அது பற்றவைக்கும். அப்போது வரும் புகை விஷம். ஓர் அறையும் சமையலறையுமாக உள்ள வீட்டில், வாசல் கதவை ஒட்டிச் சைக்கிளை நிறுத்திச் சார்ஜ் போடுவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியே போகும் ஒரே வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஆகவே சார்ஜ் போடும் இடம் வாசல் வழியாகவோ மாடிப்படியின் அடியாகவோ இருக்கக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். வெயிலில் ஓடி வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் அரை மணி, ஒரு மணி ஆறவிட வேண்டும். 48 வோல்ட் சார்ஜரை 36 வோல்ட் பேட்டரிக்கு மாட்டக் கூடாது. பழைய ஈய பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டக் கூடாது. பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் சார்ஜர் பொருந்திவிட்டது என்று நினைப்பது பெரும் தவறு.

பேட்டரி உப்பினாலோ, வழக்கத்துக்கு மாறான வாசனை வந்தாலோ, "உஸ்" என்று சத்தம் கேட்டாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ அதைத் திரும்பச் சார்ஜ் செய்யக் கூடாது. புகை வரத் தொடங்கிவிட்டால் சைக்கிளைக் காப்பாற்றப் போக வேண்டாம். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புப் படையை 101 அல்லது 112 எண்ணில் அழைக்க வேண்டும். சைக்கிளை மறுபடி வாங்கலாம்.

பேட்டரி நீண்ட நாள் உழைக்க

ஈய பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் குணம் வேறு. ஈய பேட்டரி எப்போதும் வயிறு நிறைந்திருக்க விரும்பும். ஓட்டி வந்ததும் முழுதாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும். காலியாக விட்டால் தகடுகள் கெட்டுப் போகும். லித்தியம் அளவாகச் சாப்பிடுகிறவரைப் போல. தினமும் 80, 90 சதவீதம் போதும். அடிமட்டம் வரை காலி செய்யவும் வேண்டாம். நிரம்பிய பிறகும் சார்ஜரில் தொங்கவிடவும் வேண்டாம். செல்கள் எல்லாம் சமமாவதற்காக மாதம் ஒரு முறை முழுச் சார்ஜ் செய்தால் போதும்.

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் தங்குகிறவர்கள், பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, சைக்கிளிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காலியாகப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து பார்க்கும்போது அது உயிரோடு இருக்குமா என்பது சந்தேகமே.

ஓவராயில் மறந்துவிடக் கூடாது

மோட்டார் வந்துவிட்டால் சைக்கிள், சைக்கிள் இல்லாமல் போய்விடுவதில்லை. வருடம் ஒரு முறை சைக்கிள் கடையில் விட்டு ஓவராயில் செய்கிற பழைய வழக்கம் இப்போதுதான் அதிகமாகத் தேவை. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து கூடுதலாகப் பல கிலோ கனம். அந்தப் பாரத்தைத் தாங்குவது பழைய ஸ்போக்ஸ் கம்பியும் பழைய பால்ஸும்தான்.

வாரம் ஒரு முறை செய்ய வேண்டியவை: டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று. செயினைத் துடைத்து எண்ணெய். பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை. அச்சின் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பானரால் ஒரு தொடல்.

மோட்டார் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் முதல் சில வாரங்களில் தளர்ந்து கொடுக்கும். அப்போதே கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக அறுந்து விழும். பஞ்சர் போடும்போதும் கவனம் வேண்டும். மோட்டார் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒயர் கனெக்டரைப் பிரிக்க மறந்தால் ஒயர் அறுந்துவிடும். மாட்டும்போது டார்க் ஆர்மை மறந்துவிட்டால் அடுத்த மேட்டிலேயே அச்சு சுழன்றுவிடும்.

மழை நாளில் ஓட்டலாம், நனையலாம். ஆனால் தண்ணீர் தேங்கிய சுரங்கப் பாதையில் இறக்கக் கூடாது. சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கினால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும். வாட்டர் சர்வீஸ் என்று பீச்சி அடிக்கவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

மேட்டில் ஓட்டும் முறை

கடைசியாக, ஓட்டும் விதம். மேட்டில் மோட்டாரை மட்டும் நம்பி நகர்ந்து நகர்ந்து ஏறுவது அதற்குச் செய்யும் கொடுமை. மெதுவாகச் சுழலும்போது மோட்டார், பேட்டரி கொடுப்பதில் பெரும்பகுதியைச் சூடாக்கித் தொலைக்கிறது. தொட்டால் கை சுடும். மேடு வருவதற்கு முன்பே கொஞ்சம் வேகம் எடுத்து, கியர் இருந்தால் இலகுவான கியருக்கு மாற்றி, காலும் சேர்ந்து மிதித்தால் மோட்டார் இளைப்பாறும். பேட்டரியும் தாங்கும்.

நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது முதல் இரண்டு மிதி காலுடையதாக இருக்கட்டும். சரிவில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது முறுக்கும் பிடியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது மோட்டார் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கை தவறிப் பிடி முறுக்கிக்கொண்டால் சைக்கிள் எஜமானரை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடும்!

சட்டம் கேட்காவிட்டாலும் தலையில் ஹெல்மெட் இருப்பது நல்லது. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னவர்கள், தலைக்கும் ரோட்டுக்கும் உள்ள பகையைத் தீர்த்துவைக்கவில்லை.

லாரிகளின் பின்னால் "நிதானமே பிரதானம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களின் முழங்காலுக்கு இன்று மோட்டார் கைகொடுக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது மெஜஸ்டிக் நெரிசலில் பல கார்கள் போகும் வேகத்தைவிட அதிகம். அதற்கு மேல் வேகம் கேட்டு மேஸ்திரியிடம் போகிறவர், போகும் வழியில் ஒரு சரிவில் முன்பிரேக்கை ஒரு முறை அழுத்திப் பார்க்கட்டும். சைக்கிள் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தைத் தம் காலடியால் அளந்து பார்க்கட்டும். அடுத்த செலவு எதற்கு என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும்.